பத்தியச் சாப்பாட்டைக் குடும்பச் சாப்பாடாக்குவது எப்படி?

வயிற்றுப் பொருமல், குத்து, ஒரு நாள் வயிற்றோட்டம், மறுநாள் மலச்சிக்கல். இரத்தம், மலம், ஸ்கேன் என்று எல்லாம் பார்த்தாலும் அறிக்கையில் ஒன்றும் இல்லை. ஆனால் சாப்பிட்டு எழும்பியதும் அதே வேதனை. இப்படி அவதிப்படும் ஒருவரையாவது அறியாத குடும்பம் எங்கள் மத்தியில் குறைவு. பெரும்பாலும் இது ஐ.பி.எஸ். எனப்படும் குடல் உணர்திறன் நிலையாக இருக்கும். குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. ஆனால் குடலின் அசைவும் அதன் நரம்புகளின் உணர்வும் மற்றவர்களுக்கு இருப்பதுபோல் இருக்காது.

எனது மூத்த மகளுக்கு 19 வயதில் இது தொடங்கியது. பரிசோதனைகள் முடிந்த பிறகு, உணவுக் கட்டுப்பாடு ஒன்றைச் சில வாரங்கள் செய்து பார்க்குமாறு வைத்தியர் சொன்னார். நாங்கள் யாழ்ப்பாணத்தில் ஐந்து பேர் உள்ள குடும்பம். வேலைக்கும் போய்க்கொண்டு சமைப்பவள் நான்.

இப்படியான நேரத்தில் பல வீடுகளில் நோயாளிக்கென்று ஒரு தனிச் சட்டி வைப்பார்கள். அதில் கஞ்சி, அவித்த உருளைக்கிழங்கு, உப்புப் போட்ட சோறு. முதல் வாரம் எல்லோரும் அனுதாபப்படுவார்கள். இரண்டாவது வாரம் அந்தப் பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடும். மூன்றாவது வாரம் ஒன்றில் உடல் மெலியும், இல்லாவிட்டால் களவாகக் கொத்துரொட்டி சாப்பிடும். சமைப்பவருக்கோ ஒவ்வொரு நாளும் இரட்டை வேலை. தனிச் சட்டி நீடிக்காது. ஒரே அடுப்பில், ஒரே சமையலில், எல்லோரும் ருசித்துச் சாப்பிடக்கூடியதாக இந்த உணவை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வைத்தியர், பிறகு சமையல்

மலத்தில் இரத்தம், காரணமில்லாத உடல் மெலிவு, இரத்தச்சோகை, தொடர் காய்ச்சல், நித்திரையால் எழுப்பும் வயிற்றோட்டம், 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் தொந்தரவு, குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் எது இருந்தாலும் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

இன்னொரு விடயம். கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியக் நோய்க்கும் இதேபோன்ற அறிகுறிகள் உண்டு. அதற்கான இரத்தப் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். கோதுமையை நிறுத்திவிட்டுச் செய்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டலாம். ஆகவே உணவை மாற்றுவதற்கு முன்னரே பரிசோதனைகளை முடித்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே மெலிந்தவர்கள் போசணை நிபுணரின் கண்காணிப்பு இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது.

என்ன உணவு முறை இது?

அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய முறை இது. 2005 இல் அவர்கள் ஃபொட்மாப் என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார்கள். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில சிறிய காபோவைதரேற்றுக்களின் கூட்டுப் பெயர் அது. வெங்காயம், உள்ளி, கோதுமை ஆகியவற்றில் உள்ள பிரக்டன், பருப்பு வகைகளில் உள்ள கலக்டன், பாலில் உள்ள லக்டோஸ், தேனிலும் சில பழங்களிலும் கூடுதலாக உள்ள பிரக்டோஸ், காளான், பூக்கோவா போன்றவற்றில் உள்ள மனிற்றோல் முதலியன இதில் அடங்கும்.

பிரக்டனையும் கலக்டனையும் உடைக்கும் நொதியம் எந்த மனிதக் குடலிலும் இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்குள்ள பற்றீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்ய, வாயு உண்டாகும். வேறு சில சீனிகள் குடலுக்குள் நீரை இழுக்கும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். உணர்திறன் கூடிய குடலுக்கு மட்டும் அந்த வாயுவும் நீரும் வலியாகத் தெரியும். ஆகவே இந்த உணவுகள் நஞ்சு அல்ல. மற்றவர்கள் இவற்றை ஒதுக்க வேண்டிய தேவையும் இல்லை.

இந்த முறைக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதலாவது, 2 முதல் 6 வாரங்கள் வரை இவற்றைக் குறைப்பது. இரண்டாவது, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பது. மூன்றாவது, ஒத்துக்கொள்ளாததை மட்டும் தவிர்த்து வழமையான சாப்பாட்டுக்குத் திரும்புவது. எங்கள் பாஷையில் சொன்னால் இதுவும் ஒரு பத்தியம்தான். பத்தியம் என்றால் அதை முறிக்கும் நாளும் உண்டு. அந்த நாளை மறந்துவிடுவதுதான் பலருக்கு நடக்கிறது. அதுபற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உள்ளியும் வெங்காயமும்

எங்கள் சமையலில் மிகப் பெரிய சிக்கல் இவை இரண்டும்தான். வாயுவுக்கு உள்ளி நல்லது என்பது எங்கள் வீடுகளின் நம்பிக்கை. வயிறு சரியில்லை என்றால் உடனே உள்ளி ரசம் வைப்போம். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பத்தியக் கறியிலும் உள்ளி நிறைய உண்டு. ஆனால் பிரக்டன் மிகக் கூடிய பொருட்களில் உள்ளி ஒன்று. ஐ.பி.எஸ். உள்ள ஒருவருக்கு வாயுத் தொல்லை என்று உள்ளி ரசம் கொடுத்தால் தொல்லை கூடத்தான் வாய்ப்பு அதிகம்.

வெங்காயத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் குழம்பைச் சாப்பிடு என்பதும் பயன் தராது. பிரக்டன் நீரில் கரையும். கறி கொதிக்கும்போதே அது குழம்புக்குள் இறங்கிவிடும்.

ஆனால் பிரக்டன் எண்ணெயில் கரையாது. உள்ளியின் வாசனையோ எண்ணெயில் நன்றாக இறங்கும். நான் பிடித்துக்கொண்ட வழி இதுதான்.

உள்ளி எண்ணெய்: அரைக் கோப்பை நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயில் தோல் நீக்கிய 5, 6 உள்ளிப் பற்களைத் தட்டிப் போட்டு, மிக மெல்லிய நெருப்பில் பொன்னிறம் வரும் வரை வைக்க வேண்டும். பிறகு ஒரு துண்டும் இல்லாமல் வடித்துவிட வேண்டும். வடித்த எண்ணெயில்தான் கறியைத் தொடங்குவது. வடித்தெடுத்த உள்ளி மற்றவர்களின் கறிக்குப் போகும்; ஒன்றும் வீண் இல்லை.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். உள்ளியைத் தண்ணீரிலோ தேங்காய்ப் பாலிலோ போட்டுவிட்டுப் பின்னர் எடுத்தால் இது வேலை செய்யாது, எண்ணெயில் மட்டும்தான். அடுத்து, இந்த எண்ணெயைப் போத்தலில் அடைத்து வெளியே வைக்கவே கூடாது. காற்றில்லாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயை உண்டாக்கும் பற்றீரியா வளரக்கூடும். அன்றன்று தேவைக்குச் செய்வதே நல்லது. மிஞ்சினால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 3 நாட்களுக்குள் முடித்துவிடுங்கள்.

வெங்காயத்தின் இடத்துக்கு லீக்ஸின் பச்சைப் பகுதி. சந்தையில் வாங்கும் லீக்ஸின் வெள்ளைத் தண்டில்தான் பிரக்டன் கூட. பச்சை இலையில் குறைவு. வெள்ளையை மற்றவர்களின் கறிக்கு வைத்துக்கொண்டு பச்சையை மெல்லியதாக வெட்டி வதக்கினால் வெங்காயத்தின் ருசி கிட்ட வந்துவிடும். கறிவேப்பிலை, இஞ்சி, சீரகம், மிளகு, மஞ்சள், கடுகு, ரம்பை எல்லாம் தாராளமாகப் பாவிக்கலாம். பெருங்காயம் நல்ல துணை. ஆனால் பல பெருங்காயத் தூள்களில் கோதுமை மா கலந்திருக்கும், பொதியைப் பார்த்து வாங்க வேண்டும்.

மிளகாய் ஃபொட்மாப் அல்ல. ஆனாலும் அதன் காரம் உணர்திறன் உள்ள குடலில் வலியைத் தூண்டலாம். இதற்கு எங்களிடமே விடை இருக்கிறது. கொத்தமல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு சேர்த்து இடிக்கும் சரக்குத்தூள். நான் வறுத்த மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறைத்து மீதிக்குச் சரக்குத்தூள் போடுகிறேன். கறியின் நிறம் கொஞ்சம் குறையும், வாசனை குறையாது.

ஒரு சட்டி, இரண்டு முடிவு

வழமையாக வெங்காயத்தை வதக்கித்தான் கறியைத் தொடங்குவோம். அந்த ஒழுங்கை மாற்றி, வெங்காயத்தைக் கடைசிக்குக் கொண்டுபோனால் இரண்டு சமையல் தேவையில்லை. கறி முடிந்ததும் மகளின் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, மிகுதிக்கு வெங்காயமும் உள்ளியும் தாளித்துக் கொட்டினால் சரி. கூடுதல் வேலை ஐந்து நிமிடம். அகப்பையை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

மீன் கறி: ஐந்து பேருக்கு முக்கால் கிலோ மீன். இரண்டு மேசைக்கரண்டி உள்ளி எண்ணெயில் அரைத் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, ஒரு பிடி லீக்ஸ் இலை வதக்கி, தூள், உப்பு, அளவான புளிக்கரைசல் விட்டுக் கொதிக்க வைக்கவும். மீனைப் போட்டு அவிந்ததும் ஒரு கோப்பை தேங்காய்ப் பால். ஒரு கொதியில் மகளுக்கு இரண்டு துண்டும் குழம்பும் எடுத்துவிடுவேன். வேறு தாச்சியில் 8, 10 சின்ன வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, வடித்த உள்ளியையும் சேர்த்து மிகுதிக் கறிக்குள் கொட்டி மூன்று நிமிடம் விடுவேன். கோழி, ஆட்டிறைச்சிக் கறிகளுக்கும் இதே முறைதான்.

சொதி: தண்ணீரில் வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், கீறிய பச்சை மிளகாய் ஒன்று, லீக்ஸ் இலை போட்டு அவிய விடவும். தண்ணீராகக் கரைத்த தேங்காய்ப் பால் விட்டு, பொங்க முன் இறக்கித் தேசிக்காய்ப் புளி விடவும். மற்றவர்களுக்கு வெங்காயத் தாளிதம் பிறகு. தேங்காய்ப் பால் ஒருவருக்கு ஒரு வேளைக்குக் கால் கோப்பையளவில் நிற்பது நல்லது. கட்டிப்பால் கூடினால் ஃபொட்மாப்பும் கூடும், கொழுப்பும் கூடும்.

ரசம்: மிளகு, சீரகம், கொத்தமல்லி இடித்து, புளித்தண்ணீரில் அரைத் தக்காளியுடன் கொதிக்க வைத்து, உள்ளி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, செத்தல் மிளகாய் ஒன்று தாளித்துக் கொட்டவும். “உள்ளி இல்லாமல் என்ன ரசம் பிள்ளை?” என்று என் மாமி முதல் நாள் கேட்டார். குடித்துப் பார்த்துவிட்டு இரண்டாவது கோப்பையும் கேட்டார்.

பருப்பு: மைசூர்ப் பருப்பை இரண்டு மூன்று மணித்தியாலம் ஊற வைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிடவும். புதுத் தண்ணீர் நிறைய விட்டு அவித்து, அதையும் வடித்துவிடவும். கலக்டனில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். பிறகு மஞ்சள், உப்பு, கொஞ்சத் தேங்காய்ப் பால் சேர்த்து வழமைபோல் முடிக்கலாம். முதற் கட்டத்தில் இதிலும் இரண்டு மூன்று மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

சோறு, புட்டு, இடியப்பம்

இந்த உணவு முறையில் எங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அரிசியில் ஃபொட்மாப் பிரச்சினை இல்லை. மேற்கு நாடுகளில் பாணையும் பாஸ்தாவையும் விடுவதற்குத்தான் ஆட்கள் கஷ்டப்படுகிறார்கள், விலை கூடிய மாற்றுப் பொருட்களைத் தேடுகிறார்கள். எங்களுக்குச் சோறும் அரிசி மாவும் போதும்.

கவனிக்க வேண்டியது கலப்பு. இப்போது பெரும்பாலான வீடுகளில் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவித்த கோதுமை மா கலக்கிறோம். கடை இடியப்பத்திலும் கலப்பு இருக்கலாம். முதற் கட்டத்தில் வறுத்த சிவப்பு அரிசி மாவில் மட்டும் செய்ய வேண்டும். தனி அரிசிமாப் புட்டு கட்டியாகிவிடும் என்று பயப்படுவார்கள். நன்றாகக் கொதித்த உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் குழைத்து, சுண்டால் கொத்தி, தேங்காய்ப்பூ சேர்த்து உடனே அவித்தால் மிருதுவாக வரும்.

பாண், ரொட்டி, நூடில்ஸ், றோல்ஸ், பற்றிஸ் எல்லாம் கோதுமை. இவற்றுடன் சூப் கட்டிகள், சோஸ் வகைகள், சொசேஜ் ஆகியவற்றில் வெங்காயத் தூளும் உள்ளித் தூளும் ஒளிந்திருக்கும். பொதியில் உள்ள பொருட் பட்டியலைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

எதைச் சேர்க்கலாம், எதைக் குறைக்கலாம்

மரக்கறிகளில் கரட், உருளைக்கிழங்கு, போஞ்சி, கத்தரிக்காய், வெண்டிக்காய், வாழைக்காய் ஆகியன அளவாகச் சாப்பிட ஏற்றவை. கோவா கொஞ்சமாகச் சேர்க்கலாம். பூக்கோவா, காளான் வேண்டாம். பீற்றூட் இரண்டு மூன்று வில்லைக்கு மேல் வேண்டாம்.

பழங்களில் பப்பாசி, அன்னாசி, தோடம்பழம் நல்லவை. வாழைப்பழம் அப்போதுதான் பழுத்ததாக இருக்க வேண்டும். கனிந்து புள்ளி விழுந்ததில் பிரக்டன் கூடிவிடும். மாம்பழமும் வத்தகப்பழமும் முதற் கட்டத்தில் தவிர்க்க வேண்டியவை. கறுத்தக்கொழும்பான் காலத்தில் இது கொடுமைதான். அதனால் பத்தியத்தை அந்தக் காலத்துக்கு முன்பே தொடங்கி முடித்துவிட்டோம்.

மீன், இறைச்சி, முட்டை ஆகியவற்றில் ஃபொட்மாப் இல்லை. ஆனால் எண்ணெயில் மூழ்கப் பொரித்தால் கொழுப்பே வயிற்றைக் கலக்கலாம். கொறிப்பதற்குக் கஜு வேண்டாம், ஒரு சிறு பிடி கச்சான் சாப்பிடலாம். தேனுக்குப் பதிலாகச் சீனி.

பசும்பாலிலும் பால்மாவிலும் லக்டோஸ் உண்டு. பால்தேநீருக்குப் பதிலாக இஞ்சி போட்ட சாயமில்லாத பிளேன்ரீ. பாலை விட்டால் கல்சியம் குறையும். அதற்காக முள்ளோடு சாப்பிடும் நெத்தலியும் எள்ளும் எங்கள் சாப்பாட்டில் அடிக்கடி இருந்தன. கோதுமையும் பருப்பும் குறையும்போது நார்ச்சத்தும் குறையும். தவிட்டுச் சிவப்பரிசி, தோடம்பழம், கரட் ஆகியவற்றைக் கூட்டி, தண்ணீரும் போதியளவு குடிக்காவிட்டால் மலச்சிக்கல் வந்துவிடும்.

அளவும் நேரமும் முக்கியம். ஒத்துக்கொள்ளும் உணவையும் இரவு பத்து மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டால் தொல்லைதான். மூன்று பெரிய சாப்பாட்டுக்குப் பதிலாகச் சிறிதாக நான்கு, ஐந்து வேளை என்பது மகளுக்கு நல்ல பலன் தந்தது.

விருந்துக்குப் போனால்

எங்கள் ஊரில் சாப்பிடச் சொல்வது அன்பு, வேண்டாம் என்பது மனவருத்தம். கலியாண வீடு, கோவில் அன்னதானம், அந்தியேட்டிச் சாப்பாடு எல்லாவற்றிலும் பருப்பும் வெங்காயமும் தவிர்க்க முடியாதவை. வீட்டில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போய், அங்கே சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், பொரியல் என்று கொஞ்சம் எடுத்து எல்லோரோடும் இருந்து சாப்பிட்டு எழும்பலாம். கேட்பவர்களுக்கு நோயின் பெயரை விளங்கப்படுத்தத் தேவையில்லை. “வைத்தியர் ஆறு கிழமைக்குப் பத்தியம் சொல்லியிருக்கிறார்” என்றால் எங்கள் ஆட்கள் உடனே விளங்கிக்கொள்வார்கள். பத்தியத்துக்கு எங்களிடம் எப்போதும் மரியாதை உண்டு.

பத்தியத்தை முறிக்க மறக்காதீர்கள்

வயிறு சுகமானதும் பலர் முதற் கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள். திரும்ப வலி வந்துவிடுமோ என்ற பயம். ஆனால் நாங்கள் ஒதுக்கும் இந்தப் பிரக்டனும் கலக்டனும்தான் குடலின் நல்ல பற்றீரியாக்களுக்கு உணவு. நீண்ட காலம் ஒதுக்கினால் அவை குறையும், போசணையும் குறையும், சாப்பாட்டின் மீது பயமும் வளரும். 6 வாரத்தில் ஒரு மாற்றமும் தெரியாவிட்டாலும் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் திரும்பப் போக வேண்டும். இந்த உணவு முறை எல்லோருக்கும் பலன் தருவதில்லை.

திரும்பச் சேர்க்கும்போது ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் எடுக்க வேண்டும். முதல் நாள் சிறிதளவு, இரண்டாம் நாள் கொஞ்சம் கூட, மூன்றாம் நாள் வழமையான அளவு. தொல்லை வந்தால் உடனே நிறுத்தலாம். வராவிட்டாலும் அடுத்த பொருளுக்கு முன் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட வேண்டும். வெங்காயத்தையும் உள்ளியையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றதும் ஒத்துக்கொள்ளாது என்றில்லை. என்ன, எவ்வளவு, எப்போது, வயிறு எப்படி என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தால் வைத்தியரிடம் காட்டவும் உதவும்.

மகளின் கொப்பியின்படி, இரண்டு துண்டு பாண் பரவாயில்லை. ஒரு நாளைக்கு ஒரு பால்தேநீர் சரி. பருப்பு கால் கோப்பை. சின்ன வெங்காயம் இரண்டு மூன்று போட்ட கறியைச் சாப்பிட முடிகிறது. மாம்பழம் பாதி. உள்ளி மட்டும் இன்றுவரை இல்லை. ஐம்பது பொருட்களில் தொடங்கிய பட்டியல் இப்போது நான்கைந்தாகச் சுருங்கிவிட்டது.

இந்தப் பட்டியல் அவளுடையது. இன்னொருவருக்கு உள்ளி ஒத்துக்கொண்டு பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் பட்டியலைக் கேட்டு வைத்துக்கொண்டு பட்டினி கிடக்காமல், உங்கள் வீட்டுக் கொப்பியை நீங்களே எழுதத் தொடங்குங்கள். உள்ளி எண்ணெயும் கடைசித் தாளிதமும் எங்கள் அடுப்படியில் நிரந்தரமாகிவிட்டன. இரவில் ஐந்து தட்டும் ஒரே மேசையில்தான்.